ஒன்ராறியோ தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு: மினார்ஸ்கியின் கதையைச் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

போரில் இறந்த படையினரை நினைவுகூரும் நவம்பர் 11 நெருங்குகிறது. பிள்ளைகளின் சட்டைகளில் பொப்பிப் பூ ஏறும், வகுப்பில் இரண்டு நிமிடம் மௌனம் காப்போம். இந்த வருடம் அந்த மௌனத்துக்கு முன் ஒருவருடைய கதையைத் தமிழில் சொல்லுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அவர் பெயர் அன்ட்ரூ மினார்ஸ்கி.

வினிப்பெக்கில், போலந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வீட்டில் 1916இல் பிறந்தவர். பதினாறு வயதில் தகப்பன் இறந்துபோக, தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். இப்படிப்பட்ட பிள்ளைகளை எங்கள் வீடுகளிலும் கண்டிருக்கிறோம். 1941இல் கனேடிய விமானப்படையில் சேர்ந்தார். 1944இல் இங்கிலாந்தில், லங்காஸ்ரர் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் முதுகிலிருந்த கோபுரத்தில் துப்பாக்கி வீரராக இருந்தார். வால் கோபுரத்தில் இருந்தவர் அவருடைய நெருங்கிய தோழர் பற் பிரோஃபி.

ஜூன் 12ஆம் திகதி, புறப்படும் நேரத்துக்காகப் புல்லில் காத்திருந்தபோது மினார்ஸ்கியின் கண்ணில் நான்கு இலையுள்ள குளோவர் செடி ஒன்று பட்டது. அந்த ஊர்களில் அதை அதிர்ஷ்டம் என்பார்கள். பறித்துப் பிரோஃபியிடம் கொடுத்துவிட்டார்.

அன்று நள்ளிரவுக்குப் பின், பிரான்சின் கம்பிரே ரயில் தளத்தைத் தாக்கப் போகும் வழியில் ஜெர்மன் இரவுப் போர்விமானம் அவர்களைச் சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் நின்றன. நெருப்புப் பிடித்தது. எல்லோரும் குதிக்கும்படி விமானி உத்தரவிட்டார். மினார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். அடுத்த அடி வெளியேதான். ஆனால் திரும்பிப் பார்த்தார். பிரோஃபியின் கோபுரம் இறுகி, அவர் உள்ளே அகப்பட்டுக் கிடந்தார்.

நெருப்புக்குள் தவழ்ந்து போனார். கோடரியால் கொத்தினார். கோடரி தோற்றபோது வெறும் கையால் இழுத்தார். உடையும் பரசூட்டும் எரிந்தன. போய்விடு என்று பிரோஃபி கை காட்டினார். நெருப்புக்கு முதுகைக் காட்ட மனமில்லாமலோ, தோழனுக்கு முதுகைக் காட்ட மனமில்லாமலோ, பின்புறமாகவே தவழ்ந்து கதவுவரை வந்தார். எழுந்து நின்று, எரியும் உடையோடு பிரோஃபிக்கு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். தீக்காயங்களால் இறந்தபோது அவருக்கு 27 வயது.

விமானம் தரையில் மோதியபோது அந்தக் கோபுரம் பிய்ந்து தூக்கி எறியப்பட்டது. பிரோஃபி உயிர் தப்பினார்! மற்ற ஐவரும் பிழைத்தார்கள். நடந்ததைப் பிரோஃபி வந்து சொன்னதால்தான் 1946இல் மினார்ஸ்கிக்கு, வீரத்துக்கான பிரித்தானியாவின் அதியுயர் விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. அவர் பிரான்சில் மெஹாரிக்கூர் என்ற கிராமத்தின் மயானத்தில் இருக்கிறார்.

அவருடைய விமானத்தின் அடையாள எழுத்துகளைத் தாங்கிய லங்காஸ்ரர் ஒன்று ஹமில்ரன் விமான அருங்காட்சியகத்தில் நிற்கிறது. உலகத்தில் இன்னும் பறக்கக்கூடிய இரண்டில் அது ஒன்று. போன கோடையில் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். பின்கதவுக்கு நேரே நின்று வாலைப் பார்த்தேன். சில அடிகள்தான். நடந்தால் நாலைந்து எட்டு. அந்தத் தூரத்துக்குத்தான் ஒரு மனிதன் தன்னைக் கொடுத்தான் என்று நினைத்தபோது தொண்டை அடைத்தது.

அப்போதுதான் பேத்தி கேட்டாள்: "அம்மப்பா, இது பொம்மர்தானே? உங்கட வீட்டுக்கு மேல குண்டு போட்டதும் பொம்மர்தானே?"

பதில் சொல்ல எனக்கு நேரம் எடுத்தது. இலங்கையில் போர் நடந்த காலம். எங்கள் வளவில் 'ட' வடிவில் வெட்டிய பங்கர், மேலே பனங்குற்றி, அதன்மேல் மண்மூட்டை. 'சகடை' என்று நாங்கள் பெயர் வைத்த விமானத்தின் இரைச்சல் கேட்டால் அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவருவார். ஈரமண் மணமும் தம்பியின் நடுக்கமும் இன்றும் என் உடம்பில் இருக்கின்றன. இன்றைக்கும் தாழப் பறக்கும் விமானம் எதைக் கேட்டாலும் முதலில் என் தோள்தான் குனிகிறது.

1943 யூலையில் இப்படிப்பட்ட விமானங்கள் போட்ட குண்டுகளால் ஜெர்மனியின் ஹம்பேர்க் நகரம் எரிந்தபோது அங்கேயும் பிள்ளைகள் நிலவறைகளில் இருந்தார்கள். அதை மறைத்துவிட்டு மினார்ஸ்கியைக் கொண்டாட என்னால் முடியாது. பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் இறந்த விமானப்படையினர் 55,573 பேர். அவர்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கனேடியர். லண்டன் கிரீன் பார்க்கில் 2012இல் அவர்களுக்கு எழுப்பிய நினைவுமண்டபத்தில், குண்டுவீச்சில் இறந்த எல்லா நாட்டு மக்களையும் நினைவுகூரும் வரியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. கட்டியவர்களுக்கே அந்த வரி தேவைப்பட்டிருக்கிறது.

பேத்தியிடம் நான் சொன்னது இதுதான்: "ஓம், இது பொம்மர்தான். இதற்குக் கீழே இருந்தவர்களும் எங்களைப் போலத்தான் பயந்தார்கள். இதற்குள்ளே ஒருவன் தன் கூட்டாளியை விட்டுவிட்டுப் போகவில்லை." அவள் கதவைத் திரும்பப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு வால்வரை நடந்து, வைத்த எட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள்.

ஆசிரியர்களே, எங்கள் பிள்ளைகளுக்கு இது சிக்கலாக இருக்கும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பங்கருக்குள் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். இந்தக் கதையின் இரண்டு பக்கமும் அவர்களுக்குத்தான் விளங்கும். மினார்ஸ்கியின் கதையைச் சொல்லும் அதே மணித்தியாலத்தில், வகுப்பிலுள்ள ஒரு பிள்ளையின் அம்மம்மாவையோ அப்பப்பாவையோ அழைத்துப் பங்கரைப் பற்றிப் பேச விடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் நான் வருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேறு வேலை இல்லை.

அன்புடன்,
ஒரு அம்மப்பா