பெயர் ஓடும்போது விளக்கைப் போடாதீர்கள்: மண்டபத் திரையிடல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் ஊர் மண்டபத்தில் மாதாமாதம் படம் போடும் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பீடோங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குக் குடும்பத்தோடு போய், டிக்கெட்டும் பொப்கோர்னும் வாங்கிப் படம் பார்ப்பது கட்டுப்படியாகாத வீடுகள் சுற்றியுள்ள தோட்டங்களில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்காக நீங்கள் இலவசமாகப் படம் போடுவது பெரிய காரியம். குறையும் ஒன்று உண்டு, அது பின்னால் வரும். முதலில் வேண்டுகோள்: பெரிய படத்துக்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் அசைவூட்டக் குறும்படம் ஒன்றைப் போடுங்கள்.

இதை நேரில் சொன்னபோது, "பொம்மைப் படமா? அதெல்லாம் பிள்ளைங்க போன்லயே பார்த்துக்கும்" என்று உங்களில் ஓர் அண்ணன் சிரித்தார். பார்க்கும்தான். பாதியில் விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்கும் போய்விடும். இருட்டில், பெரிய திரையில், பக்கத்தில் நாலு பேர் சிரிக்கப் பார்ப்பது வேறு.

1986-இல் பிக்சார் நிறுவனத்தில் ஜான் லாசெட்டர் எடுத்த 'லக்ஸோ ஜூனியர்' சுமார் இரண்டு நிமிடம்தான் ஓடும். இரண்டு மேசை விளக்குகள், ஒரு பந்து, அவ்வளவுதான். முகமும் கிடையாது, வசனமும் கிடையாது. குட்டி விளக்கு குதிப்பதற்கு முன்னால் முட்டியை மடக்குகிற மாதிரி லேசாக அமுங்கும், அதைப் பாருங்கள். அந்த அமுங்கல் இல்லையென்றால் யாரோ கயிறு கட்டித் தூக்கிய பொருளாகத்தான் தெரியும். இருப்பதால் அதுவாகவே குதிக்க நினைத்தது போல இருக்கிறது. பந்தின் மேல் ஏறிக் குதித்து அதை நசுக்கிவிட்டு, பெரிய விளக்கின் முன்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். நம் வீட்டில் சட்டி உடைத்த பையன் நிற்பானே, அதே நிற்பு.

விளக்கின் வெளிச்சத்தில் நிழல் சரியாக விழவைப்பதே அன்றைய கணினிக்குப் பெரிய வேலை. அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த கணினி வரைகலை மாநாட்டில் படம் முடிந்ததும், ஜிம் பிளின் என்ற பெரிய வல்லுநர் லாசெட்டரைத் தேடி வந்தாராம். நிழல் கணக்கைத்தான் குடையப் போகிறார் என்று இவர் நினைக்க, அவர் கேட்டது: அந்தப் பெரிய விளக்கு அம்மாவா, அப்பாவா? எனக்குத் தெரிந்து ஒரு படத்துக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைத்ததில்லை.

நம் இளைஞர்கள் படம் விட்டு வெளியே வந்ததும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து "கிராபிக்ஸ் சொதப்பிட்டானுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். சொதப்பல் கண்ணில் படுகிறது. நன்றாகச் செய்தது படுவதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச்சே வருவதில்லை. 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் கணினியில் உருவான டைனோசர்களைத் திரையில் காண்பது சில நிமிடங்களுக்குத்தான். மற்றதெல்லாம் ஆட்கள் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இயக்கிய பொம்மைகளும் இயந்திரங்களும். எது எது என்று பிரித்துச் சொல்ல முடிகிறதா என்று பையன்களைக் கேட்டுப் பாருங்கள், நல்ல சண்டை நடக்கும்.

இப்போது அந்தக் குறை. 'லைஃப் ஆஃப் பை' போட்டீர்களே, பாண்டிச்சேரிப் பையனும் புலியும் ஒரே படகில் போகும் படம். பெரும்பாலான காட்சிகளில் அந்தப் புலி கணினியில் உருவானது. நிஜப் புலிகளைப் பார்த்துப் பார்த்து, தோலுக்கடியில் தசை நெளிவதையும் நனைந்த ரோமம் உடம்போடு ஒட்டுவதையும் செய்தார்கள். கடல் காட்சிகளை எடுத்தது தைவானில் கட்டிய ஒரு தண்ணீர்த் தொட்டியில். புலியைச் செய்த ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனத்துக்கு நம் மலேசியாவிலும் கிளை இருந்தது. 2013 பிப்ரவரியில் அந்தப் படம் காட்சி விளைவுகளுக்கான ஆஸ்கார் வாங்கியது. அதே மாதம் நிறுவனம் திவாலுக்கு விண்ணப்பித்தது. உலகமே மெச்சிய வேலையைச் செய்தவர்களின் நிலை அது.

நம் நாட்டுப் பிள்ளைகள் பெயர் யாருடையதாவது வருகிறதா என்று பார்க்கத்தான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்து, அதில் வேலை செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடத் தொடங்கின. முதல் பத்துப் பெயர்கூட ஓடியிருக்காது. விளக்கு எரிந்தது, படம் நின்றது, நாற்காலி அடுக்கும் சத்தம் கேட்டது. தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்ட காலத்தில் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்களாம், அங்கே எம்.ஜி.ஆர். இடது கையால் கத்தி சுற்றுவார் என்று அப்பா சொல்வார். அவர்கள்கூடப் படத்தை முழுசாகப் பார்த்திருப்பார்கள் போல.

செலவாகுமே என்பீர்கள். ஆகாது. பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் 2008-இல் செய்த 'பிக் பக் பன்னி' இருக்கிறது: ஒரு கொழுத்த முயலும், அதைச் சீண்டும் மூன்று வாலுகளும், சுமார் பத்து நிமிடம், வசனம் இல்லை. யாரும் எங்கும் காசு கொடுக்காமல் திரையிடலாம் என்று அவர்களே உரிமம் கொடுத்திருக்கிறார்கள். கேட்பது, செய்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது மட்டுமே. ஆக, இந்தப் படத்துக்காவது பெயர் ஓடும்வரை நீங்கள் பொறுத்துத்தான் ஆக வேண்டும்! அதே மென்பொருளில் உருவான 'ஃப்ளோ' என்ற வசனமே இல்லாத லாத்வியப் படம் 2025-இல் ஆஸ்கார் வாங்கியது. மென்பொருளைப் பள்ளிக் கணினியிலும் இறக்கிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளுக்குப் பிடித்த 'உப்பின் இப்பின்' என்ற மலேசியப் பொம்மைத் தொடர்கூட 2007-இல் நோன்பு மாதத்துக்கான குட்டிக் குட்டிப் பகுதிகளாகத்தான் தொடங்கியது.

அப்புறம் ஒரு சின்ன விஷயம். சாப்பாட்டு மேசைப் பக்கம் எரியும் டியூப்லைட்டைப் படம் ஓடும்போது அணைத்துவிடுங்கள். இரவுக் காட்சி வந்தால் திரையில் ஒன்றுமே தெரிவதில்லை. குறும்படத்தைத் தம்ப் டிரைவில் நானே கொண்டுவருகிறேன். அரை மணி நேரம் முன்னால் கதவைத் திறந்துவிட்டால் ஒலியையும் சரிபார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
கடைசிவரிசையில் உட்காரும் உங்கள் பார்வையாளன்
பீடோங், கெடா