‘செட் ஆவாரா?’

ஆசிரியருக்கு வணக்கம்.

‘திறமை இருந்தால் வேலை தேடி வரும்’ என்று முடிந்திருந்தது சென்ற இதழின் வேலைவாய்ப்புக் கட்டுரை. பன்னிரண்டு ஆண்டுகள் நேர்காணலில் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தவன் நான். திறமையைப் பார்ப்பதற்கு முன்பே பலரை வடிகட்டிவிடுவோம் என்பது எனக்குத் தெரியும்.

பெயரிலேயே அது தொடங்கிவிடும். பொருளியலாளர்கள் மரியான் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் 2004இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பாஸ்டன், சிகாகோ நகரங்களின் வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்கள் போயின. வெள்ளையர் வைத்துக்கொள்ளும் பெயர் என்றால் பத்துக்கு ஓர் அழைப்பு. கறுப்பினத்தவர் பெயர் என்றால் பதினைந்துக்கு ஒன்று. பிரித்துப் படித்தவர்கள் எல்லோரும் கெட்டவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். நானும் என்னைக் கெட்டவனாக நினைத்ததில்லை.

‘கல்லூரி விடுமுறையில் என்ன செய்தீர்கள்?’ இது எனக்குப் பிடித்த கேள்வி. பெரிய நிறுவனத்தில் இரண்டு மாதம் சம்பளமில்லாமல் இன்டர்ன்ஷிப் செய்தேன் என்பவருக்கு, ‘ஆர்வம்’ என்ற கட்டத்தில் முழு மதிப்பெண் போடுவேன். கடையில் கல்லாவில் இருந்தேன் என்பவருக்குப் பாதி. அந்த இரண்டு மாதமும் முதலாமவருக்கு வாடகையும் சாப்பாடும் யார் கொடுத்தார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. கல்லாவில் இருந்தவர் கோபக்கார வாடிக்கையாளர்களைச் சமாளித்திருப்பார், இரவு கணக்கைச் சரிபார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருப்பார். எங்கள் வேலைக்கும் அதுதான் தேவைப்பட்டது!

அப்புறம், எல்லாம் முடிந்ததும் யாராவது, ‘நம்ம டீமுக்கு செட் ஆவாரா?’ என்பார். பேசும் விதம், உட்காரும் விதம், சிரிக்கும் விதம் எல்லாம் அந்த ஒரு வார்த்தைக்குள் அடங்கிவிடும். எங்களைப் போலவே இருந்தவர்கள்தான் செட் ஆனார்கள். பல இடங்கள் இதற்கும் முன்பே, உள்ளே இருப்பவர் சிபாரிசில் நிரம்பிவிடும். அப்படி ஒரு வேலை காலியாக இருந்ததே வெளியாளுக்குத் தெரியாது.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டோம். மதிப்பெண் எழுதிய பிறகே எங்களுக்குள் பேசினோம். ‘செட்’ பேச்சு ஒழிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் போட்ட மதிப்பெண்ணுக்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ‘சம்பளம் தகுதிக்கேற்ப’, ‘பயிற்சிக் காலத்தில் ஊதியம் இல்லை’ என்று வரும் விளம்பரங்களை இனி வாங்காதீர்கள். எவ்வளவு கேட்கலாம் என்று சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இருப்பவருக்குத்தான் ‘தகுதிக்கேற்ப’ லாபம். சென்ற இதழில், அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே இப்படி நான்கு விளம்பரங்கள் இருந்தன.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனிதவள அலுவலர்