தம்பிக்கு, தலைஞாயிற்றிலிருந்து

அன்பு மகன், தம்பி இளங்கோவுக்கு,

இங்கு அனைவரும் நலம். வேளைக்குச் சாப்பிடு. லாரித் தண்ணீர் வாங்கினால் கொதிக்க வைத்துக் குடி. பொங்கலுக்கு வந்து போனதிலிருந்து போனில் நீ சரியாகப் பேசவில்லை என்று அம்மா வருந்துகிறாள். வேலை அதிகம் என்று சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உன்னோடு வந்த இறால் பண்ணைக்காரர்கள் கீழவயலை அளந்து பார்த்தார்களே, அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஊர்ச் செய்திதான் எழுதுகிறேன். போர்வெல் தண்ணீரில் டீ போட்டால் இப்போது பால் திரிந்துவிடுகிறது. கீழவயல் வரப்பு காய்ந்தால் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது; விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன், கரித்தது. டெல்டாவின் இந்த நிலத்தடி நீரில் 10 டிஎம்சியை நமக்குக் கணக்கில் சேர்த்துத்தான் 2018-இல் உச்ச நீதிமன்றம் காவிரிப் பங்கைக் குறைத்தது. கர்நாடக எல்லையில், பிலிகுண்டுலுவில் வரவேண்டிய 192 டிஎம்சி 177.25 ஆயிற்று. அப்படிக் குறைத்ததில் 4.75 உங்கள் பெங்களூருவுக்கு. நீ குடிக்கும் தண்ணீருக்கு நான் கணக்குப் பார்ப்பேனா? நன்றாகக் குடி. கொதிக்க வைத்துக் குடி.

என் ஆற்றாமை வேறு. காவிரியின் 740 டிஎம்சியை மாநிலங்களுக்குப் பங்கிட்டபோது ஆற்றின் நலத்துக்கென்று ஒதுக்கியது வெறும் 10. மழை பொய்த்த ஆண்டில் அவரவர் பங்குக்கு மல்லுக்கு நிற்கிறோம். ஆற்றுக்காகப் பேச ஆளில்லை. 2023-இல் ஜூன் 12 அன்றே மேட்டூரைத் திறந்தும் கடைமடையில் குறுவை கருகியது உனக்குத் தெரியும். கடலுக்குப் போவதெல்லாம் வீண் என்று மேடையில் முழங்குகிறார்கள். கேட்டால் வயிறு எரிகிறது. ஆற்றுத் தண்ணீர் இறங்கி வந்தால்தான் கடல் தன் இடத்தில் நிற்கும். வரத்து நின்றால் முகத்துவாரம் வழியே உப்புத் தண்ணீர் ஏறி வருகிறது, நிலத்தடியிலும் நுழைகிறது. மேலே மணலை ஒட்டச் சுரண்டி ஆற்றைப் பள்ளமாக்கிவிட்டதால், வரும் கொஞ்ச நீரும் வாய்க்கால் தலைப்பில் ஏற மாட்டேன் என்கிறது.

இந்த நிலையில் நாமே குளம் வெட்டி உப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து தேக்கினால் அடுத்த வயல் என்ன ஆகும்? இறால் குளத்து உப்பு ஓரிடத்தில் நிற்காது, தம்பி. பெரியப்பா வயலுக்கு நேர்ந்தது உனக்குத் தெரியாததா? நல்ல விலை தருகிறார்கள் என்பது எனக்கும் தெரியும். உன் வீட்டுக் கடனும் தெரியும். நீ படித்து இந்த நிலைக்கு வந்ததை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பூரிப்பவன் நான். ஆனால் விஷயத்தை என்னிடம் நேராகச் சொல்லாமல் உன் மாமாவிடம் சொல்லி அனுப்பினாயே, அது மட்டும் மனதில் தைத்துவிட்டது.

மேலவயலில் இந்த முறை புழுதியிலேயே நேரடி விதைப்பு செய்யப் போகிறேன். விதை நெல் எடுத்து வைத்தாயிற்று. அட்வான்ஸ் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று எழுது, திருப்பிக் கொடுக்க வழி பார்க்கலாம். வாங்கவில்லை என்றால் அதையாவது உடனே அம்மாவிடம் போனில் சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா