மாலை ஐந்தரை மணித் தமிழ்: கொழும்பின் மக்கள் தொடர்பு நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் மக்கள் தொடர்பு நிறுவனங்களை நடத்துகின்றவர்களுக்கும், அவற்றில் வாடிக்கையாளர் கணக்குகளைப் பொறுப்பேற்றிருக்கும் முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

ஆறு மாத உள்ளகப் பயிற்சியை முடித்துக்கொண்டு கடந்த வெள்ளிக்கிழமை என் அடையாள அட்டையை வரவேற்பு மேசையில் ஒப்படைத்தேன். பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பிக்கவேண்டிய அறிக்கையில் 'கற்றுக்கொண்ட பாடங்கள்' என்றோர் அத்தியாயம் உண்டு; அதில் வழக்கமாக எழுதப்படுபவற்றை ஒழுங்காக எழுதிவிட்டேன். ஆனால் அந்த அறிக்கையை வாசிக்கப்போகிறவர் விரிவுரையாளர் ஒருவர் மட்டுமே என்பதாலும், நான் கற்றவற்றுள் முக்கியமானது என்னைவிட உங்களுக்கே அதிகம் பயன்படும் என்பதாலும், இம்மடலை உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுகிறேன். பயிற்சி பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே என்னை நன்றாகவே நடத்தினார்கள். வேறு இடங்களில் பயிற்சி பெற்ற என் வகுப்புத் தோழிகளும் இதே கதையையே சொல்வதால், குறை ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று.

ஓர் ஊடக அறிக்கை உருவாகும் விதம் நீங்கள் அறியாததல்ல. அதன் கடைசிப் படியில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். திங்கட்கிழமை வாடிக்கையாளரிடமிருந்து ஆங்கிலத்தில் விளக்கக் குறிப்பு வருகிறது. ஆங்கில வரைவு சந்தைப்படுத்தல் பிரிவு, சட்டப் பிரிவு, பிரதம நிறைவேற்று அதிகாரியின் அலுவலகம் என நான்கு முறை போய் வருகிறது. அதிகாரி சொன்னதாக வரும் கூற்றில் ஒரு சொல்லை மாற்றுவதற்கு ஒரு முழுநாள் செலவாகிறது. வியாழக்கிழமை பிற்பகலில் அனுமதி கிடைத்ததும், சிங்கள வடிவம் காசு கொடுத்து அமர்த்திய மொழிபெயர்ப்பாளரிடம் செல்கிறது. தமிழ் வடிவம், அலுவலகத்தில் தமிழ் தெரிந்த பயிலுநர் யாரோ அவரிடம் செல்கிறது. அப்போது மணி ஐந்தரை. ஆறு மணிக்குள் எல்லா மொழிகளிலும் 'போய்விட வேண்டும்'. ஆங்கிலத்துக்கு நான்கு நாள், தமிழுக்கு அரை மணி நேரம்.

அந்த அரை மணி நேரத்தில் நான் செய்த தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். புத்தளம் மாவட்டத்தில் மூன்று பாடசாலைகளுக்கு ஒரு நிறுவனம் குடிநீர்த் தாங்கிகள் வழங்கியது. ஆங்கில அறிக்கையைக் கணினியின் மொழிபெயர்ப்பில் இட்டு, வந்ததைத் திருத்தி, மூச்சு விடாமல் அனுப்பினேன். மறுநாள் காலையில் அந்தப் பகுதிப் பத்திரிகை நிருபர் ஒருவர் அழைத்தார். "தங்கச்சி, உங்கட கம்பனி எந்தப் பள்ளிக்குத் தாங்கி குடுத்திருக்கு? இங்க பள்ளி நிர்வாகத்தில ஒருத்தருக்கும் தெரியாதாமே?" என்றார். கணினி 'பள்ளி' என்று தந்ததை நான் அப்படியே விட்டிருந்தேன். தமிழ்நாட்டில் அது பாடசாலை, புத்தளத்திலோ பள்ளிவாசல். கொட்டாஞ்சேனையில் பிறந்து, முஸ்லிம் அயலவரின் நோன்புக் கஞ்சியைக் குடித்து வளர்ந்த எனக்கு அது தெரியாததல்ல. தெரிந்ததை நினைவுகூர அந்த அரை மணி நேரம் இடம் தரவில்லை. அலுவலகத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் மூன்று நாட்களுக்கு எங்கள் வாடிக்கையாளர் மூன்று பள்ளிவாசல்களுக்கு உதவியதாகவும், அந்த உதவி எங்கேயோ மாயமாகிவிட்டதாகவும் அந்த ஊரில் பேச்சு ஓடியது என்பது சிரிப்புக்குரியதல்ல.

கணினியின் தமிழ் பெரும்பாலும் கடல் கடந்து வந்த தமிழ். நம் அரசாங்க அதிபரை அது மாவட்ட ஆட்சியர் ஆக்கும்; பொலிஸ் நிலையத்தைக் காவல் நிலையம் ஆக்கும்; ரூபாவை ரூபாய் ஆக்கும். அங்கே அவை சரியான சொற்கள். இங்கே வாசிப்பவருக்கு, எழுதியவர் இந்த ஊரில் இல்லை என்பதை முதல் வரியிலேயே காட்டிக்கொடுக்கும் சொற்கள். 1930இல் தொடங்கிய வீரகேசரியும் 1932இல் தொடங்கிய தினகரனும் இந்நாட்டின் செய்தித் தமிழைத் தலைமுறை தலைமுறையாகப் புழக்கத்தில் வைத்திருக்கின்றன. அத்தகைய செய்தி மேசைகளுக்கு ஐந்தரை மணித் தமிழை அனுப்பிவிட்டு, 'ஏன் போடவில்லை?' என்று கேட்பதற்காகத் தொலைபேசி எடுப்பதும் பயிலுநரின் வேலையாகவே இருந்தது.

அப்படி எடுத்த அழைப்பொன்றில்தான் செய்தி ஆசிரியர் ஒருவர், பொறுமையாக, நான் வகுப்பில் கேட்டிராத ஒரு பாடத்தை நடத்தினார். யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் மலையகத்துக்கும் போகிற வெளியூர்ப் பதிப்பின் பக்கங்கள் கொழும்புப் பதிப்புக்கு முன்னரே முடிக்கப்படுகின்றன. எங்கள் அறிக்கை அவரிடம் வந்து சேரும்போது அந்தப் பக்கங்கள் மூடப்பட்டிருக்கும். அதாவது, யாரை நோக்கித் தமிழில் எழுதுகிறோமோ அவர்களுள் பெரும்பாலோர் வாழும் ஊர்களுக்கு எங்கள் செய்தி போவதே இல்லை. கொழும்புப் பதிப்பில் ஒரு மூலையில் வந்த நறுக்கை வெட்டி ஒட்டி, 'தமிழ் ஊடகத்திலும் வெளியாகியது' என வாடிக்கையாளருக்குக் காட்டுகிறோம். அவர் இன்னொன்றும் சொன்னார். நாங்கள் பீடீஎஃப் ஆக அனுப்புவதை மேசையிலிருப்பவர் மறுபடி தட்டச்சு செய்யவேண்டும். பாமினி எழுத்துருவில் அனுப்பினால் அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். எந்தக் கணினியிலும் திறக்கும் ஒருங்குறியில் (யுனிகோட்) சாதாரண கோப்பாக அனுப்பினால் ஐந்து நிமிடத்தில் பக்கத்துக்குப் போய்விடும். ஆறு மாதத்தில் நான் கற்ற மிகப் பயனுள்ள தொழில்நுட்பம் இதுதான். அதைக் கற்பித்தவருக்கு என் நிறுவனம் சம்பளம் கொடுக்கவில்லை.

வடிவமைப்புப் பிரிவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் வாசிக்கத் தெரியாத வடிவமைப்பாளர் தமிழ் வரிகளைப் பதாகையில் ஒட்டும்போது, மென்பொருளில் அதற்குரிய அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். 'கொழும்பு' என்ற சொல்லில் கொம்பு முறிந்து கிடப்பதை, கொள்ளுப்பிட்டிச் சந்தியில், பத்து அடி அகலத்தில், பேருந்திலிருந்து பார்த்தேன். அச்சுக்குப் போகுமுன் அதை யாரும் எனக்குக் காட்டவில்லை. ஏற்கெனவே அனுமதி கிடைத்துவிட்டதாம். அனுமதி வழங்கியவர்களில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது.

இவற்றைச் சிறு பிழைகள் என்று நீங்கள் சொல்லலாம்; சரிபார்க்க ஒருவரை அமர்த்தினால் தீர்ந்துவிடும் என்றும் சொல்லலாம். நானும் நான்காம் மாதம் வரை அப்படித்தான் எண்ணினேன். அவ்வெண்ணத்தை மாற்றியது மலையகத்தில் ஒரு நிறுவனம் ஏற்பாடு செய்த கண் பரிசோதனை முகாம். ஆங்கில அறிக்கை வழமைபோல நிறுவனத்தின் நிலைபேறான தொலைநோக்குப் பற்றிப் பேசியது. ஏனென்று தெரியவில்லை, அம்முறை ஆரம்பக் கூட்டத்திலேயே என்னையும், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில் வளர்ந்த இன்னொரு பயிலுநரையும் உட்கார வைத்தார்கள். முகாம் புதன்கிழமை என்று திரையில் தெரிந்ததும் அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "அன்றைக்குப் பேர் போடுவார்களா?" அதாவது, முகாமுக்கு வருகின்றவருக்கு அந்த நாளின் வேலை கணக்கில் சேருமா என்பது. கூட்டத்திலிருந்த ஒருவருக்கும் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியபோது, ஒரு நாள் சம்பளத்தை இழந்து யாரும் கண்ணைக் காட்ட வரமாட்டார்கள் என்பதும் சேர்ந்து விளங்கியது. முகாம் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றப்பட்டது. தமிழ் அறிக்கையை ஆங்கிலத்தைப் பாராமல், குறிப்புகளிலிருந்து நானே எழுதினேன்: எங்கே, எத்தனை மணிக்கு, அடையாள அட்டை தேவையா, கண்ணாடிக்குக் காசு கொடுக்கவேண்டுமா. தொலைநோக்கைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி. பத்திரிகை அதை ஒரு சொல்லும் வெட்டாமல் வெளியிட்டது. வாடிக்கையாளரின் அதிகாரி, ஆங்கில அறிக்கையையும் அப்படி எழுதியிருக்கலாமே என்றார்.

அந்தக் கேள்வியை எந்த மொழிபெயர்ப்பாளரும், எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், வியாழக்கிழமை மாலையில் கேட்டிருக்க முடியாது. அதற்குள் பதாகை அச்சாகியிருக்கும். உங்களிடம் நான் சொல்லவந்தது இதுதான்: தமிழ் தெரிந்தவரைக் கடைசியில் அழைத்தால் அவரால் சொற்களை மட்டுமே திருத்த முடியும், முதலில் அழைத்தால் வேலையையே திருத்துவார்.

ஊடகவியலாளர் சந்திப்புகளில் இது இன்னும் வெளிப்படையாகத் தெரிகிறது. நட்சத்திர விடுதியின் மண்டபத்தில், மேடையில் ஐவர். ஆங்கிலத்தில் அறிமுகம், சிங்களத்தில் நன்றியுரை. தமிழ்த் தொலைக்காட்சி நிருபர் எழுந்து தமிழில் ஒரு கேள்வி கேட்டதும் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு, கதவருகே பரிசுப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்து, நான் ஒருபோதும் வாசித்திராத நிதி அறிக்கையொன்றைப் பற்றி ஒரு நிறுவனத்தின் குரலாக நின்று பேசினேன். நிருபர் இரக்கப்பட்டு இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை.

இதற்கெல்லாம் பின்னால் ஒரு கணக்கும் இருக்கிறது. மாத முடிவில் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் அறிக்கையில், வெளியான செய்தியின் நீள அகலத்தை அளந்து, அதே இடத்தில் விளம்பரம் போட்டிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்று பார்த்து, அதை மூன்றால் பெருக்கி, அதுவே எமது உழைப்பின் பெறுமதி என்று எழுதினோம். ஏன் மூன்று என்று கேட்டேன். எப்போதும் மூன்றுதான் என்றார்கள். 2010இல் பார்சிலோனாவில் கூடிய தொடர்பாடல் அளவீட்டுத் துறையினர், விளம்பரப் பெறுமதி தொடர்பாடலின் பெறுமதியாகாது என்று கோட்பாடு வகுத்ததை முதலாம் ஆண்டிலேயே படித்திருந்தேன். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அலுவலகத்தில் அதே கணக்கை மாதந்தோறும் போட்டேன். அக்கணக்கில் தமிழ் எப்போதும் தோற்கும். என்னிடம் தரப்பட்ட கட்டண அட்டைகளின்படி, ஆங்கில ஞாயிறு இதழின் ஒரு நிரல் சென்ரிமீற்றருக்கு விழும் தொகை தமிழ் நாளிதழுக்கு விழவில்லை. ஆகவே, கண் பரிசோதனைக்குச் சில நூறு பேரைக் கூட்டிவந்த தமிழ்ச் செய்தி, ஒருவரையும் எங்கும் கூட்டிவராத ஆங்கிலப் படச் செய்தியைவிடக் 'குறைந்த பெறுமதி'யுடையதாகப் பதிவாயிற்று. கணக்கு இப்படி இருக்கும்வரை, தமிழுக்கு அரை மணி நேரத்துக்குமேல் ஒதுக்க எந்த முகாமையாளருக்கும் காரணம் இராது.

சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை அறிவேன். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை மாற்றப்பட்டு, 'தமிழும்' ஓர் அரசகரும மொழியாயிற்று. பாடசாலையில் இலக்கணம் படித்த எவரும் அந்த உம்மையில் சற்று நிற்பர். முன்னே சொல்லப்பட்டது ஒன்றிருக்க, பின்னே சேர்க்கப்பட்டது இது என்று அது சொல்கிறது. தனியார் நிறுவனங்களை அந்த உறுப்புரை கட்டுப்படுத்தாது. ஆனால் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைத் தமிழரும், இந்தியத் தமிழர் எனப் பதிவான மலையகத் தமிழரும், முஸ்லிம்களும் சேர்ந்து இந்நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். 'மக்கள் தொடர்பு' என்று பெயர்ப்பலகையில் எழுதிக்கொண்டவர்களுக்கு அந்த எண்ணிக்கை போதாதா?

நான் கேட்பவை பெரிய செலவுள்ளவை அல்ல. முதல் கூட்டத்தில் தமிழ் தெரிந்த ஒருவர், பயிலுநராக அல்லாமல் சம்பளம் பெறுகின்றவராக, உட்காரட்டும். தமிழ் அறிக்கை ஆங்கில வாக்கியங்களிலிருந்து அல்லாமல் தகவல்களிலிருந்து எழுதப்படட்டும். நண்பகலுக்கு முன் அனுப்பப்படட்டும். மேடையில் அமரும் ஐவரில் ஒருவராவது தமிழில் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்கட்டும். அப்படி ஒருவர் நிறுவனத்தில் இல்லையென்றால், அதை வாடிக்கையாளரிடம் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். எங்களிடம் அந்தத் துணிவு இருக்கவில்லை. பயிலுநர்களுக்கு இதைச் சொல்லும் இடம் எங்கும் இருப்பதில்லை. பயிற்சி முடிவில் நிரப்பத் தந்த கருத்துப் படிவமும் ஆங்கிலத்தில்தான் இருந்தது.

என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு கொப்பியை விட்டு வந்திருக்கிறேன். எந்தப் பத்திரிகையின் எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு மூடப்படுகிறது, எந்த நிருபருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பவேண்டும், வாடிக்கையாளர் நிறுவனங்களின் அதிகாரிகள் தங்கள் பெயரைத் தமிழில் எப்படி எழுதுகிறார்கள் என்பனவெல்லாம் அதில் இருக்கின்றன. பெயர்களை அவர்களிடமே கேட்டு எழுதினேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று இருவர் சொன்னார்கள். முதல் பக்கத்தில் 'பாடசாலை' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். அடுத்து வருகின்றவரிடம் அதைச் சேர்ப்பித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஆறு மாதப் பயிற்சி முடித்த பயிலுநர் ஒருவர்,
கொழும்பு 13.