ஆளுமைத் தேர்வு சராசரியைச் சொல்லும்; ஆளைச் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வேலைக்கு ஆள் எடுக்க ஆளுமைத் தேர்வுகள் பயன்படுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, அவற்றை ‘அறிவியல் முறை’ என்று பாராட்டியதோடு நின்றுவிட்டது. அந்த அறிவியல் தனக்குத் தானே போட்டுக்கொண்ட எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பது அதில் இல்லை.

கட்டுரை பெரிதும் சிலாகித்த மையர்ஸ்-பிரிக்ஸ் தேர்வை முதலில் பார்ப்போம். அகமுகியா புறமுகியா என்பது போன்ற நான்கு இரட்டைகள். மொத்தம் 16 வகை. ஆனால் மதிப்பெண்களை வரைபடமாக்கினால் மனிதர்கள் இரண்டு கும்பலாகப் பிரிந்து நிற்பதில்லை, பெரும்பாலோர் நடுவில்தான் குவிகிறார்கள். பிரிக்கும் கோடும் அதே நடுவில் விழுவதால், ஒன்றிரண்டு விடை மாறினாலே ஆள் மறுபக்கம் போய்விடுகிறார். ஓர் இரட்டையில் மறுமுறையும் அதே பக்கம் வர 85 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கிலும் மாறாமலிருக்க 0.85-ஐ நான்கு தரம் பெருக்க வேண்டும். 52 சதவீதம்தான் தேறும். பாதிப் பேர் அடுத்த முறை வேறு வகை! இதை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது.

‘ஆனால் எனக்கு அப்படியே பொருந்தியதே’ என்பார்கள். 1948-இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். பொருத்தத்துக்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5-க்கு 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே அறிக்கை. வாசகங்கள் சோதிடப் புத்தகத்தில் எடுத்தவை. ராசிபலன் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல.

ஆளுமையைப் புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை, இணக்கம், மனக்கலக்கம் என்ற ஐந்து பண்புகளால் அளக்கும் ஐம்பண்புக் கோட்பாடு இதைவிடப் பலமடங்கு உறுதியானது, மறுக்கவில்லை. சிக்கல் அது எதற்கு விடை சொல்கிறது என்பதில். 1968-இல் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் ஒரு கணக்கைச் சுட்டிக்காட்டினார்: வினாத்தாளில் தெரியும் பண்புக்கும் குறிப்பிட்ட ஒரு சூழலில் காணும் நடத்தைக்கும் உள்ள ஒட்டுறவு (இரண்டும் எந்த அளவு சேர்ந்து மாறுகின்றன என்பது; 0 என்றால் ஒட்டுறவு இல்லை, 1 என்றால் முழுமை) பெரும்பாலும் 0.30-ஐத் தாண்டுவதில்லை. ஒட்டுறவின் வர்க்கம்தான் நடத்தை வேறுபாட்டில் பண்பு விளக்கும் பங்கு; இங்கே அது 0.09. நடத்தை வேறுபாட்டில் 91 சதவீதம் அந்தப் பண்பின் பிடிக்கு வெளியே நிற்கிறது.

அந்த மிச்சத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு டார்லி, பேட்சன் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1973-இல் வெளியிட்ட சோதனை போதும். அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படிக்கும் மாணவர்களின் சமயப் பற்றை வினாத்தாளால் அளந்துவிட்டு, பக்கத்துக் கட்டடத்துக்குப் பேச அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடப்பார். நேரம் நிறைய இருக்கிறது என்று நினைத்தவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று கேள்விப்பட்டவர்களில் 10 சதவீதம். நின்றவர் யார், தாண்டிப் போனவர் யார் என்பதை வினாத்தாள் மதிப்பெண்களால் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் பண்பு என்பதே பொய்யா? இல்லை. ஒரே ஒரு செயலைப் பார்க்காமல் பல நாள் நடத்தையைச் சேர்த்துச் சராசரி எடுத்தால் ஒட்டுறவு கணிசமாக ஏறுகிறது என்று 1979-இல் உளவியலாளர் சீமோர் எப்ஸ்டீன் காட்டினார். இரண்டு தரப்பும் சரிதான். ஆனால் நேர்காணல் அறையில் இருப்பவருக்குத் தெரிய வேண்டியது சராசரி அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர். பொறுப்புணர்வுக்கும் வேலைத்திறனுக்கும் ஒட்டுறவு சுமார் 0.2. அதாவது, பொறுப்புணர்வில் மேல்பாதியில் வந்த 100 பேரில் ஏறக்குறைய 56 பேர் வேலையிலும் மேல்பாதியில் இருப்பார்கள். நாணயம் சுண்டினால் 50. ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்கும் நிறுவனத்துக்கு அந்த ஆறு லாபம். நிராகரிக்கப்பட்டவருக்கு அதை வைத்து என்ன சமாதானம் சொல்வது?

வெட்டு மதிப்பெண் இன்னும் மோசம். சராசரி 50, திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 10, நம்பகத்தன்மை (அளவீடு மாறாமல் நிற்கும் அளவு; 1 என்றால் முழுமை) 0.84 உள்ள தரமான தேர்விலும் அளவீட்டுப் பிழை 4. ஒருவர் 52 எடுத்தால், பிழையின் இருமடங்கை இருபுறமும் விட்டு, அவருடைய உண்மை மதிப்பெண் பெரும்பாலும் 44-க்கும் 60-க்கும் இடையில் எங்கோ இருக்கிறது என்றுதான் பொருள். இதில் 50-இல் கோடு கிழித்து 49-ஐ வெளியே அனுப்புகிறார்கள்.

வேறு மண்ணில் கோட்பாடே தடுமாறுவதும் உண்டு. பொலிவியாவின் சிமானே மக்கள் 632 பேரிடம் நடந்த ஆய்வில் (2013) அந்த ஐந்து பண்புகள் ஐந்தாகப் பிரிந்து வரவில்லை.

தேர்வை வாங்கும் நிறுவனங்கள் அதன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும்: மதிப்பெண்ணை ஒப்பிட்ட மக்கள் யார், எத்தனை வார இடைவெளியில் மறுதேர்வு நடந்தது, எந்த வேலையின் எந்த விளைவோடு ஒட்டுறவு பார்த்தார்கள்? வேலையில் ஒரு துண்டைக் கொடுத்துச் செய்யச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, கலந்து பேசுமுன் ஒவ்வொரு நேர்காணலரும் தனித்தனியே மதிப்பெண் போடுவதும் இதைவிட நன்றாக வேலை செய்யும். அடுத்த முறை இத்தேர்வுகளைப் பற்றி எழுதும்போது, விற்பவர்களிடம் அந்த மூன்று விவரங்களையும் கேட்டு வாங்கி வெளியிட வேண்டுகிறேன்.

– உளவியல் அளவீடு கற்பிக்கும் வாசகர்,
திருச்சி