கோபாலுக்கு: கயலும் அல்லாடியும்

அன்புள்ள கோபால்,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, பதில் போடுவதில் நீயும் பெரிய புலி இல்லை. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நெட்டைக்குப் பேரன் பிறந்திருக்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண் கயலுக்குத் தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்துவிட்டது. கோட்பாட்டு இயற்பியல். கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். அங்கே செமினார் நடக்கும் கூடத்துக்கு அல்லாடி ராமகிருஷ்ணன் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் வாத்தியார் வாய்க்கு வாய் சொல்வாரே, அதே அல்லாடிதான். ஊருக்கு வந்ததிலிருந்து அவரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன்.

அப்பா அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சாசன வரைவுக் குழுவில் இருந்த பெரிய வக்கீல். பிள்ளையோ இயற்பியலாளர் ஹோமி பாபாவின் சொற்பொழிவைக் கேட்டுவிட்டுக் காஸ்மிக் கதிர்களின் (விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்களின்) பின்னால் போய்விட்டார். அவர் போட்ட கணக்கு இருக்கிறதே, உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அப்படி வரும் ஒரு துகள் காற்றில் மோதி, எலக்ட்ரானும் ஒளித்துகளான ஃபோட்டானுமாகப் பெருகிக்கொண்டே இறங்குகிறது. சராசரியாக எத்தனை துகள் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை ஏறி இறங்குமே, அதை எப்படிக் கணக்கிடுவது? துகளை ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், அதன் ஆற்றலோ எந்த மதிப்பாகவும் இருக்கலாம். இவர் ஆற்றலில் மிக மெல்லிய ஒரு துண்டை எடுத்துக்கொண்டார். துண்டு அவ்வளவு மெல்லியது என்றால் அதற்குள் ஒரு துகள் இருக்கும், அல்லது ஒன்றும் இருக்காது. இரண்டு இருக்கும் வாய்ப்பை விட்டுவிடலாம். பூஜ்யத்தின் வர்க்கம் பூஜ்யம், ஒன்றின் வர்க்கம் ஒன்று. ஆக, சராசரியும் வர்க்கத்தின் சராசரியும் அங்கே ஒன்றே! அப்புறம் இரண்டு வேறு துண்டுகளை ஜோடி சேர்த்துப் பார்த்தால் ஏற்ற இறக்கம் வந்துவிடுகிறது. 1950இல் இதை வெளியிட்டார். பாபாவும் அதே ஆண்டில் இதே முறையை எழுதியிருக்கிறார். மான்செஸ்டரில் புள்ளியியல் அறிஞர் பார்ட்லெட்டிடம் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்.

1957-58இல் இயற்பியலாளர் ஓப்பன்ஹைமர் இருந்த அமெரிக்கப் பிரின்ஸ்டன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்வந்தார். அங்கே கேட்ட மாதிரிப் பேச்சு இங்கேயும் வேண்டும் என்று, மயிலாப்பூர் லஸ்ஸில் இருந்த தன் ‘ஏகாம்ர நிவாஸ்’ வீட்டிலேயே மாணவர்களை உட்கார வைத்து செமினார் தொடங்கிவிட்டார். நினைத்துப் பார், 1960 ஜனவரியில் அணு இயற்பியல் மேதை நீல்ஸ் போர் அந்த வீட்டுக்கு வந்தார்! அந்தச் சின்னக் குழுவை அவர் புகழ்ந்தது நேருவின் காதுக்கு எட்டியது. அப்போது மாநிலக் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் முனைந்து நிற்க, 1962 ஜனவரி 3 அன்று பிரசிடென்சி கல்லூரியில், இப்போது கயல் சேர்ந்திருக்கும் அதே நிறுவனம் தொடங்கியது. விழாவில் வானியற்பியலாளர் சந்திரசேகரும் இருந்தார். 1983 வரை அல்லாடிதான் இயக்குநர்.

போன கடிதத்தில் ‘இந்தப் படிப்புக்கு வேலை எங்கேடா’ என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆராய்ச்சிப் பட்டத்துக்கே ஐந்தாறு வருஷம். அப்புறம் இரண்டு வருஷம் ஒரு நாடு, மூன்று வருஷம் இன்னொரு நாடு என்று ஒப்பந்த வேலை. நிரந்தர இடம் கிடைப்பதற்குள் வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிடுகிறது, கிடைக்காமலே வேறு வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். அவள் அம்மாவிடம் இதையெல்லாம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. கயல் வாயைத் திறக்க மாட்டாள். சந்தேகம் வந்தால் தாளும் பேனாவுமாக அறைக்குள் போய்விடுவாள், நாள்கணக்கில் தனியாக மல்லுக்கட்டுவாள். போன வருஷம் ஒரு கணக்கில் குறி மாறியதைக் கண்டுபிடிக்க அப்படித்தான் உடம்பைக் கெடுத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒருத்தர் எட்டிப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். அல்லாடி வீட்டில் கூடம் நிறைய ஆள் உட்கார்ந்து பேசியது சும்மா இல்லை கோபால். இந்த வேலையைத் தனியாகச் செய்தால் மனசு நொந்துபோகும்.

நீ வேளச்சேரியில்தானே இருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளை வீட்டுக்குக் கூப்பிடு. சாப்பாடு போட்டு, என்ன கணக்குப் போடுகிறாய் என்று கேள். ஹாஸ்டலில் என்னை ‘ஏன், ஏன்’ என்று குடைந்து எடுப்பாயே, அதே மாதிரி குடை. உனக்குப் புரிகிற வரைக்கும் அவளை விடாதே. நான் கேட்டால் ‘போப்பா’ என்று விடுவாள், மாமா கேட்டால் சொல்வாள்.

அன்புடன்,
ராமு