எந்த ஸ்கேல் வாங்கலாம்னு கேட்டியே பாப்பா

பாப்பா,

காபித்தூளும் தண்ணியும் எடை போட்டு காபி போடறதுக்குன்னு நீ அனுப்புன மூணு ஸ்கேலையும் பாத்தேன். போன்ல சொன்னா பாதிய காதுல வாங்காம சரிம்மா சரிம்மான்னு வெச்சிடுவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் வரும். முதல்லயே சொல்லிடறேன், அந்த ப்ளூடூத் வெச்சது வேண்டாம். ஆப்ல கிராஃப் வருதாம், தண்ணி எவ்ளோ வேகமா ஊத்துறன்னு காட்டுதாம். காலைல கண்ண தொறக்கவே கஷ்டப்படற ஆளு நீ, கிராஃப் பாத்தா காபி போடப் போற? அந்தக் காசு இருந்தா கிரைண்டர்ல போடு, நாக்குல வித்தியாசம் தெரியறது அங்கதான்.

லேப்ல தராசு முன்னாடியே வேலை பாத்தவ நான், அதனால தராசுன்னு வந்துட்டா எனக்கு வாய் நிக்காது, பொறுத்துக்கோ.

ஸ்பூன் போதாதான்னு அப்பா பக்கத்துல இருந்து கேக்கறார். போதாது. லைட் ரோஸ்ட் கொட்டை அடர்த்தியா இருக்கும், டார்க் ரோஸ்ட் வறுபட வறுபட உப்பி லேசாயிடும், அதே ஸ்பூன்ல ரெண்டையும் அள்ளினா எடை வேற வேறதான் வரும். தண்ணியும் அப்படித்தான், கொதிக்கிற தண்ணிய 300 மில்லி கோடு வரைக்கும் ஊத்தினா எடை கிட்டத்தட்ட 288 கிராம்தான் இருக்கும், ஏன்னா சூட்டுல தண்ணி விரிஞ்சிருக்கு. கிராம்ல போட்டா இந்தத் தலைவலியே இல்ல. இன்னொண்ணு, ஸ்கேல்ல மில்லின்னு ஒரு மோட் இருக்கும், அத நம்பாத, அது எடையத்தான் தண்ணின்னு நெனச்சு மில்லியா காட்டுது, வேற ஒண்ணும் அளக்கல.

இப்ப முக்கியமான விஷயம். 1 கிராம் காட்டுற ஸ்கேலா 0.1 காட்டுறதான்னு குழம்பிருக்க இல்ல, இதுக்கு பதில் நீ எத அளக்கறங்கறதுல இருக்கு. 1 கிராம் ஸ்கேல்ல 15ன்னு காட்டினா உள்ள இருக்கறது 14.5ல இருந்து 15.5க்குள்ள எதுவா வேணா இருக்கலாம். 240 கிராம் தண்ணி ஊத்தறன்னு வெச்சுக்கோ, ஒரு நாள் அது தூள் ஒண்ணுக்கு தண்ணி பதினாறரை, மறுநாள் ஒண்ணுக்கு பதினஞ்சரை, ஸ்க்ரீன்ல மட்டும் ரெண்டு நாளும் அதே 15. நீ என்ன பண்ணுவ, நேத்து நல்லா இருந்துச்சே இன்னிக்கு ஏன் இப்படின்னு கிரைண்ட் சைஸ மாத்துவ, அதுக்கடுத்த நாள் இன்னும் கெட்டுப்போகும். அதனால காபித்தூளுக்கு 0.1 வேணும். தண்ணிக்கு வேண்டவே வேண்டாம், 240ல 1 கிராம் முன்ன பின்ன போனா யாரு நாக்குக்கும் தெரியாது. ஹாரியோ கம்பெனியோட வி60 ட்ரிப் ஸ்கேலே 200 கிராம் வரைக்கும்தான் 0.1 காட்டும், அதுக்கு மேல 500 வரைக்கும் 0.5, அப்புறம் 1 கிராம்தான். காபிக்குன்னே செஞ்ச ஸ்கேலே அப்படித்தான்.

அதே சமயம் இதப் பெரிய பயமா எடுத்துக்காத. ஸ்பெஷாலிட்டி காபி அசோசியேஷன்காரங்க லிட்டர் தண்ணிக்கு 55 கிராம் தூள்னு சொல்லி, பத்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்னு அவங்களே இடம் விட்டிருக்காங்க. நாலு பேருக்கு சேத்து பிரெஞ்ச் பிரஸ்ல ஒரு லிட்டர் போடறவங்களுக்கு 1 கிராம் ஸ்கேலே தாராளம். நீ ஒருத்திக்கு ஒரு கப் போடற, அளவு சின்னதாக ஆக பிசகு பெருசாத் தெரியும், அதான் உனக்கு 0.1ன்னு சொல்றேன்.

நீ அனுப்புனதுல ரெண்டாவது, அந்த நகைக்கடை ஸ்கேல் மாதிரி உள்ளங்கை சைஸ்ல இருக்கறது, 0.01 வரைக்கும் காட்டுதுன்னு ஆசைப்பட்டிருக்க. மொத்தம் எவ்ளோ தாங்கும்னு பாத்தியா? 200 கிராம். உன் கண்ணாடி ஜாரே அதுக்கு மேல இருக்கும். டேர்னு இருக்கற பட்டன அமுக்கினா ஜாரோட எடைய கழிச்சு பூஜ்யம் வருதேன்னு கேப்ப, பூஜ்யம் ஸ்க்ரீன்லதான், ஜாரோட கனம் தட்டு மேலயேதான் இருக்கு, அது தாங்கற அளவுல இருந்து கழிஞ்சுடும். ஜார், அது மேல தூள் போட்டு வடிக்கற ட்ரிப்பர், தூள், தண்ணி எல்லாம் சேத்து கூட்டிப்பாரு, 2 கிலோ தாங்கறதா வாங்கினா யோசிக்கவே வேண்டாம். ஆனா ஒண்ணு, வீட்ல பழைய கிச்சன் ஸ்கேல் ஏற்கனவே இருக்குன்னா, அந்தக் குட்டி ஸ்கேல தூளுக்கு மட்டும் வெச்சுக்கிட்டு தண்ணிய பழைய ஸ்கேல்லயே ஊத்தலாம், இருக்கறதுலயே மலிவான வழி அதுதான். இடம்தான் அடைக்கும்.

இனிமே சொல்றது டப்பா மேல போட்டிருக்க மாட்டாங்க. மலிவு ஸ்கேல் பெரும்பாலும் சறுக்கறது துல்லியத்துல இல்ல, வேகத்துல. நீ ஊத்திக்கிட்டே இருப்ப, எண்ணு ஒண்ணு ரெண்டு செகண்ட் கழிச்சு மெதுவா ஏறி வரும், 240ல நிறுத்தலாம்னு கெட்டில எடுத்தா 252ல போய் நிக்கும். இன்னொரு வில்லங்கம், சொட்டு சொட்டா விழுந்தா சில ஸ்கேல் கண்டுக்கவே கண்டுக்காது, ஏதோ சும்மா அலையுதுன்னு நெனச்சு அதுவே பூஜ்யமாக்கிட்டே இருக்கும். எஸ்ப்ரெஸ்ஸோ மெஷின் வாங்கப்போறேன்னு சொல்லிட்டிருக்க இல்ல, அப்ப இதுதான் உயிர எடுக்கும், 18 கிராம் தூளுக்கு 36 கிராம் இறங்கணும்னு பாத்துட்டு நிக்கற, முதல் சொட்டெல்லாம் கணக்குலயே வராது. கண்ணால பாத்து நிறுத்தலாம்னா மேல நிக்கற க்ரீமாங்கற நுரை ஏமாத்திடும். அந்த மெஷினுக்குன்னா ஸ்கேலோட நீளம் அகலம் உயரமும் பாக்கணும், கப்ப வெச்சப்புறம் மேல இடிக்கக்கூடாது.

ஆட்டோ ஆஃப். சிலது ரெண்டே நிமிஷத்துல தூங்கிடும், நீ கெட்டில எடுத்து வர்றதுக்குள்ள டேர் பண்ணது எல்லாம் போச்சு. எவ்ளோ நேரம், மாத்த முடியுமான்னு வாங்கினவங்க எழுதினத படிச்சுப் பாரு, எனக்கு டைமர விட இது பெருசு. டைமருக்கு போன் இருக்கு.

சூடு. உள்ள இருக்கறது லோட் செல்னு ஒரு உலோகத் துண்டு, பாரம் வெச்சா துளியூண்டு வளையும், அது மேல ஒட்டிருக்கற மெல்லிய கம்பியோட மின்தடை மாறும், அந்த மாத்தத்ததான் கிராமா காட்டுது. சூடு பட்டாலும் அந்த மின்தடை மாறும், அதான் கொதிக்கற ஜார அப்படியே தட்டுல வெச்சா எண்ணு தானா நகரும். நடுவுல ஒரு சிலிகான் மேட் போட்டுட்டு டேர் பண்ணு, தீந்துச்சு. டச் பட்டன் இருக்கறதுல ஈரம் பட்டா அதுவே அமுங்கிக்கும், எனக்கென்னமோ அமுக்கற பட்டனே பிடிக்கும். அலமாரில வைக்கும்போது மேல ஒண்ணையும் அடுக்காத, லோட் செல் ஒரு தரம் நிரந்தரமா வளைஞ்சுடுச்சுன்னா அவ்ளோதான். பேட்டரி இறங்க ஆரம்பிச்சாலும் எண்ணு அலையும், ஸ்கேல் கெட்டுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி பேட்டரிய மாத்திப் பாரு.

அதனால மூணாவதையே போடு, 2 கிலோ, 0.1, யுஎஸ்பில சார்ஜ். பாக்க சப்பையா இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.

வந்ததும் அன்னிக்கே இதெல்லாம் பண்ணிடு. ஆட்டம் இல்லாத மேடைல வெச்சு, கனமான ஒரே கப்ப எடுத்து எடுத்து திரும்பத் திரும்ப நடுவுல வை, ஒவ்வொரு தரமும் அதே எண்ணு வருதா பாரு. அப்புறம் நாலு மூலைலயும் வை. மூலைக்கு மூலை 0.2 மாறினா சரி, 1 கிராம் மாறுச்சுன்னா எனக்கு அந்த ஸ்கேல் வேண்டாம். நிஜ எடைய விட எப்பவும் ஒரே மாதிரி ஒரு துளி கூடவோ குறையவோ காட்டுதுன்னா அது பரவால்ல, உன் ருசிக்கு ஒரு எண்ண புடிச்சுட்ட, தினமும் அது அதே இடத்துல நின்னாப் போதும். நாளுக்கு ஒண்ணு காட்டறதுதான் ஆகாது. ஸ்கேல் சரியா காட்டுதான்னு பாக்கற 100 கிராம் கேலிப்ரேஷன் எடைக்குண்டு ஒண்ணும் சேத்து வாங்கிக்கோ, விலை ஒண்ணும் பெருசா இருக்காது. கடைசியா காலி கப்ப வெச்சு டேர் பண்ணிட்டு ஸ்பூன்ல தண்ணி சொட்டு சொட்டா விடு, எண்ணு ஏறுதா அப்படியே பூஜ்யத்துலயே நிக்குதான்னு பாத்துக்கோ.

எல்லாத்தையும் எழுதி எனக்கு போட்டோ அனுப்பு, வெச்சுக்கலாமா திருப்பி அனுப்பலாமான்னு நான் சொல்றேன். அதுவரைக்கும் டப்பாவையும் பில்லையும் தூக்கிப் போட்டுடாத.

அம்மா